விடுதியின் வரி அமைவும் அதனை வினவியறியும் முகவரும்

விடுதியொன்றில் ஓரிரவு தங்கிய ஒருவர் செலுத்தும் தொகை அறையின் வாடகை மட்டுமன்று. அரசுக்குரிய பெறுமதி சேர் வரி ஒன்று. நகரசபைக்குரிய தங்கல் வரி பிறிதொன்று. காலை உணவு, மதுபானம், வண்டித் தரிப்பிடம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வீதங்கள் அமைதலும் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பற்றுச்சீட்டு எழுதுதல், கூட்டலும் பெருக்கலும் அறிந்த எவர்க்கும் எளிதே. அரிது யாதெனின், எந்நாளில் எப்பொருளுக்கு எவ்வீதம் உரியது என்று துணிதலாம். முன்னாளில் இவ்வறிவு கணக்கரின் மேசையில் ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தது. இன்று அது விடுதியை நடத்தும் மென்பொருளினுள்ளே 'வரி அமைவு' என்னும் பெயரிற் பொதிந்து கிடக்கின்றது. அதனை வேண்டியபோது எடுத்துக் கூறுமாறு செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்குச் சிறு கருவிகள் செய்து கொடுக்கும் வழக்கம் அண்மையில் தோன்றியுள்ளது. கருவி மிகச் சிறிது. ஆயினும் அஃது இல்லாதவிடத்து நேரும் பிழை சிறிதன்று.

ஒல்லாந்து தேசத்து நிலைமையை நோக்கின் இது தெளிவாகும். அங்கு விடுதி அறைகளுக்குரிய பெறுமதி சேர் வரி 2019 ஆம் ஆண்டு தைத் திங்கள் முதலாந் தேதி 6 வீதத்திலிருந்து 9 வீதமாக உயர்ந்தது. பின்னர், 2026 ஆம் ஆண்டு தை முதலாந் தேதி தொடக்கம் அது 21 வீதமாயிற்று. கூடாரமடித்துத் தங்குமிடங்கள் மட்டும் பழைய வீதத்திலேயே விடப்பட்டன. அன்றியும், 2026 இல் தங்குவதற்கு 2025 இலேயே பணம் கட்டியவருக்கும் புதிய வீதமே உரியது என்பது விதி. ஆகவே பணம் பெற்ற நாளை நோக்காது தங்கும் நாளை நோக்கியே வரி துணியப்படல் வேண்டும்.

வரி நீங்கலாக 200 யூரோ விலையுள்ள அறையொன்றைக் கருதுக. நகர வரியை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பழைய வீதத்தின்படி வரி 18 யூரோ. புதிய வீதத்தின்படி 42 யூரோ. ஓரறைக்கு ஓரிரவில் வேறுபாடு 24 யூரோ. ஐம்பது அறைகளும் நிறைந்த விடுதிக்கு ஓரிரவில் 1,200 யூரோ. இதனை விருந்தினரிடமிருந்து பெறாதுவிட்ட விடுதிக்காரர், தமது கைப்பொருளிலிருந்தே அரசுக்குச் செலுத்த நேரும். வரி அதிகாரியின் முன் நின்று, 'எனது முகவர் அவ்வாறு கூறிற்று' என்றல் விடையாகாது.

முகவர் ஏன் பிழையாகக் கூறும் என்ற வினா இங்கே எழும். முகவர் என ஈண்டுக் குறிக்கப்படுவது, மனிதர் எழுதும் கேள்வியைப் படித்து, அதற்கு வேண்டுவனவற்றைத் தேடி, சிற்சில செயல்களையும் தானே ஆற்றவல்ல கணினி நிரல். அதன் உள்ளத்தே இருப்பது மொழி மாதிரி. பெருந்தொகையான எழுத்துக்களைக் கொண்டு பயிற்றப்பட்ட அம்மாதிரி, பயிற்சி முடிந்த நாளுக்குப் பின் நிகழ்ந்தவற்றைத் தானாக அறியாது. ஒல்லாந்து விடுதிகளுக்கு 9 வீதம் என்ற செய்தி ஏழாண்டுக் காலத்து எழுத்துக்களிற் பலவிடங்களிலும் பரந்து கிடந்தது. அவ்வெழுத்துக்களிற் பயின்ற மாதிரியிடம் வினவினால், தடுமாற்றம் சிறிதுமின்றி '9 வீதம்' என்று அது விடை கூறக்கூடும். தடுமாறாமையே ஈண்டுக் கேடு. பழைய பாடநூலை மனனஞ் செய்த மாணாக்கன், பாடத்திட்டம் மாறியது அறியாது பரீட்சை மண்டபத்தில் முழு நம்பிக்கையோடு எழுதுவதை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். அவனது கையெழுத்திற் பிழையின் அறிகுறி எதுவும் தோன்றாது.

இதற்குப் பரிகாரம், மாதிரியை நினைவிலிருந்து விடை கூற விடாது, விடுதியின் ஏட்டைப் பார்த்து விடை கூறச் செய்தலாம். ஆனால் மொழி மாதிரிக்குக் கண்ணும் கையும் இல்லை. அது செய்யவல்லது எழுதுதல் ஒன்றே. ஆதலின் அதற்கு வெளியே நிற்கும் நிரலொன்று, 'இன்ன பெயருடைய கருவி உண்டு. அது இன்ன பயனைத் தரும். அதற்கு இன்ன விவரங்கள் வேண்டும்' என்று முதலில் அறிவித்துவிடும். மாதிரி அவ்வறிவிப்பைப் படித்து, கேள்விக்கு அக்கருவி வேண்டும் எனத் துணிந்தால், கருவியின் பெயரையும் வேண்டிய விவரங்களையும் வகுத்த முறைப்படி எழுதும். வெளியே நிற்கும் நிரல் அவ்வெழுத்தைக் கண்டு, விடுதி மென்பொருளின் வாயிலிற் சென்று வினவி, கிடைத்த விடையை மாதிரியின் முன் வைக்கும். அதனைப் படித்த பின்னரே மாதிரி மனிதருக்கு விடை எழுதும். மருந்துச் சாலையில் வைத்தியர் துண்டெழுதிக் கொடுக்க, வேறொருவர் உள்ளே சென்று மருந்தெடுத்து வருதல் போன்றது இது. எழுதியவர் அலுமாரியைத் திறப்பதில்லை.

இவ்வறிவிப்பையும் வினாவிடையையும் ஒவ்வொரு நிறுவனமும் தன்தன் போக்கில் அமைத்தால் ஒன்றன் கருவி மற்றொன்றிற்கு உதவாது. இக்குறை நீங்கும்பொருட்டு அன்த்ரோபிக் நிறுவனம் 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொற்றோக்கோல்' என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி அமைந்த கருவியை, அந்நெறிமுறையை ஏற்கும் எந்த முகவரும் பயன்படுத்தலாம். கருவிக்கு எழுதப்படும் விளக்கவுரையைப் பற்றி ஒன்று கூறுதல் தகும். அஃது அலங்காரமன்று, மாதிரி அவ்வுரையை நம்பியே கருவியைத் தெரிகின்றது. 'வரிகளைத் தரும்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்ட கருவியை மாதிரி தவறான இடத்திற் பயன்படுத்தினால், குற்றம் முற்றும் மாதிரியினது என்றல் பொருந்தாது.

இனி, வரி அமைவு என்பது மென்பொருளினுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறிதல் வேண்டும். 2012 ஆம் ஆண்டிற் பிராக் நகரிலே தோன்றிய மியூஸ் என்னும் விடுதி மென்பொருள் இதற்குத் தக்க உதாரணம். பிற நிரல்கள் வினவுதற்கென அந்நிறுவனம் அமைத்துள்ள வாயிலின் விவரங்கள் யாவரும் படிக்கத்தக்கனவாக வெளியிடப்பட்டுள்ளன. அவ்வாயிலில் வினவுவோர் முதலில் தமக்கு வழங்கப்பட்ட இரகசியச் சாவிகளைக் காட்டல் வேண்டும். வரி பற்றிய வினாக்கள் அங்கே இரண்டு. ஒன்று 'வரிச் சூழல்கள்' யாவை என்பது. மற்றையது 'வரிவகைகள்' யாவை என்பது. வரிச் சூழல் என்பது ஒரு நாட்டில் ஒரு கால எல்லைக்குள் ஒருங்கே வழங்கும் வரிவகைகளின் தொகுதி. அதற்கென ஒரு குறியீடும், நாட்டின் குறியும், தொடங்கும் நாளும், முடியும் நாள் உண்டாயின் அந்நாளும், அதனுள் அடங்கிய வரிவகைகளின் குறியீடுகளும் தரப்படும்.

வீதத்தை மட்டும் எழுதி வைத்தாற் போதாதோ, கால எல்லை எதற்கு என்று கேட்பார்க்குப் பிரித்தானியா விடை கூறும். கொரோனா நோய்க் காலத்தில் விடுதித் தொழில் நலிந்தமையால், அந்நாட்டரசு 2020 ஆம் ஆண்டு யூலை 15 ஆந் தேதி விடுதி அறைகளுக்குரிய பெறுமதி சேர் வரியை 20 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைத்தது. 2021 ஒக்டோபர் முதலாந் தேதி அது 12.5 வீதமாயிற்று, 2022 ஏப்பிரில் முதலாந் தேதி மீண்டும் 20 வீதமாயிற்று. இரண்டாண்டு நிரம்புமுன் மூன்று மாற்றங்கள். மதுபானத்துக்கோ இச்சலுகை எக்காலத்தும் இருந்ததில்லை. ஆதலின் அறையும் மதுவும் ஒரே பற்றுச்சீட்டில் வந்தவிடத்து இரண்டு வீதங்கள் வேண்டியிருந்தன. 2021 ஆவணியிலே தங்கிய ஒருவரின் கணக்கிற் பிழை கண்டு, அதனை இரண்டாண்டு கழித்துத் திருத்த நேர்ந்தால், திருத்துவோர் 5 வீதத்தையே கொள்ளல் வேண்டும். பழைய வீதத்தை அழித்துப் புதியதை எழுதிய ஏடு இதற்கு உதவாது. ஆகவே மென்பொருள் பழைய சூழல்களை அழிக்காது, அவற்றின் எல்லை நாட்களோடு காத்துவைக்கின்றது. முகவரும், 'இன்றைய வீதம் யாது?' என்று மட்டும் நோக்காது, 'கேட்கப்பட்ட நாளுக்குரிய வீதம் யாது?' என்று நோக்குதல் வேண்டும்.

வரிவகையினுள்ளே வீதம் கணிக்கப்படும் முறைகளும் ஒரு தன்மையன அல்ல. விலையின் இத்தனை வீதம் என்பது ஒரு முறை. பெரும்பாலான வரிகள் அவ்வாறே உள்ளன. விலை எதுவாயினும் இத்தனை யூரோ என்னும் நிலைத்த தொகை மற்றொரு முறை. அம்ஸ்ரர்டாம் நகரம் 2020 தொடக்கம் 2023 வரை இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டிருந்தது: தங்கற் கட்டணத்தில் 7 வீதமும், அதற்குமேல் ஆள் ஒருவருக்கு ஓரிரவுக்கு 3 யூரோவும் அங்கு வசூலிக்கப்பட்டன. 2024 ஆம் ஆண்டிலே நிலைத்த தொகை நீக்கப்பட்டு 12.5 வீதம் என்ற ஒன்றே நின்றது. நிலைத்த தொகையை வீதமாகப் படித்துவிட்ட முகவர், மூன்று யூரோவை 'மூன்று வீதம்' என்று கணித்தால் விளைவை ஊகித்தறியலாம். 200 யூரோ அறைக்கு ஒருவர் தங்கின் 6 யூரோ எனப் பிழை மிகும். மூவர் தங்கின், 9 யூரோ வரவேண்டிய இடத்தில் அதே 6 யூரோ எனப் பிழை குறையும்.

மூன்றாவது முறை சற்று நுட்பமானது. ஒரு வரியை விலையின்மேல் மட்டுமன்றி, மற்றொரு வரி சேர்ந்த தொகையின்மேற் கணிப்பது அது. வரியின்மேல் வரி என்று இதனைச் சாதாரணமாகக் கூறுவர். கனடாவின் கியூபெக் மாகாணம் இதற்கு அழகிய சான்றாகும். 2012 ஆம் ஆண்டு முடிய அம்மாகாணத்தின் விற்பனை வரி 9.5 வீதம்; ஆனால் அது மத்திய அரசின் 5 வீத வரி சேர்ந்த தொகையின்மேற் கணிக்கப்பட்டது. 100 டொலர்ப் பொருளுக்கு மத்திய வரி 5 டொலர். மாகாண வரி 105 டொலரில் 9.5 வீதம், அதாவது 9.975 டொலர். 2013 தை முதலாந் தேதி இம்முறை கைவிடப்பட்டது. மாகாண வரி விலையின்மேல் மட்டும் கணிக்கப்படலாயிற்று. அதற்கு ஈடாக வீதம் 9.975 ஆக எழுதப்பட்டது. கொடுப்பவருக்கு ஒரு சதமேனும் வேறுபாடில்லை. ஏட்டிலோ வீதமும் மாறிற்று, கணிக்கும் முறையும் மாறிற்று. புதிய வீதத்தைப் பழைய முறையோடு சேர்ப்பவர் 10.47 டொலர் பெறுவர். பழைய வீதத்தைப் புதிய முறையோடு சேர்ப்பவர் 9.50 டொலரே பெறுவர். ஆதலின் கருவி வீதத்தை மட்டும் கொணர்ந்து, அது எதன்மேல் நிற்கின்றது என்பதைக் கொணராதுவிடின், பாதி உண்மையையே கொணர்ந்ததாகும். மியூஸ் மென்பொருளின் விடையில் இம்மூன்று முறைகளும் வெவ்வேறு பெயரால் வேறுபடுத்தப்பட்டுள்ளன. சார்ந்து நிற்கும் வரியாயின், எவ்வரியைச் சார்ந்தது என்பதும் உடன் குறிக்கப்படும்.

முகவர்கள் இடறும் இடங்களுள் முதன்மையானது ஒன்றுண்டு. 'வரிச் சூழல்கள் யாவை?' என்னும் வினாவுக்கு அவ்வாயில் தரும் விடை, வினவிய விடுதிக்குரிய சூழல் மட்டுமன்று. அவ்வாயில் அறிந்த எல்லாச் சூழல்களும் அதில் வரும். ஒரு விடுதியின் கணக்கை விசாரிக்கப்போனவர் கையில் உலகத்து விடுதிகளின் வரியேடு முழுவதையும் கொடுத்தது போன்றது இது. எப்பக்கத்தைப் படிப்பது என்பதை அறிய வேறொரு வினா வேண்டும். விடுதியின் பொது அமைவைத் தரும்படி கேட்டால், அவ்விடுதி எந்நாட்டுச் சட்டச் சூழலுக்கு உட்பட்டது, அதன் நேர வலயம் யாது, வரி எத்தனை தசம தானத்திற்குத் திருத்தமாகக் கணிக்கப்படும் என்பன கிடைக்கும். இரண்டு வினாக்களையும் கேட்டு, ஒன்றன் விடையைக்கொண்டு மற்றொன்றன் விடையைச் சலித்தெடுத்த பின்னரே முகவர் வாய்திறத்தல் வேண்டும். நல்ல கருவியைச் செய்வோர் இதனை விளக்கவுரையிலேயே எழுதிவைப்பர், அல்லது இரண்டு வினாக்களையும் ஒன்றாக்கி, அவ்விடுதிக்குரியதை மட்டும் தரும்படி அமைப்பர். பின்னையதே மேலானது. நெடிய பட்டியலை மாதிரியின் முன் கொட்டி, 'வேண்டியதை நீயே பொறுக்குக' என்றல் வேலையைச் செய்ததாகாது.

அப்பொது அமைவிலே சிறியதாய்த் தோன்றும் இன்னொரு குறிப்பும் உண்டு: விடுதி தன் விலைகளை வரி சேர்த்துக் காட்டுகின்றதா, வரி நீக்கிக் காட்டுகின்றதா என்பது. முன் கூறிய ஒல்லாந்து அறையையே மீண்டும் நோக்குக. வரி நீக்கிய விலை 200 யூரோ எனக் காட்டும் விடுதியில், வீதம் 21 ஆனபோது விருந்தினர் கொடுப்பது 218 இலிருந்து 242 யூரோவாக உயரும். வரி சேர்த்த விலை 218 யூரோ எனக் காட்டி அதனை மாற்றாதுவிட்ட விடுதியிலோ விருந்தினர் கொடுப்பது 218 யூரோவே. ஆனால் அதனுள் வரி 37.83 யூரோவாகிவிட, விடுதிக்கு எஞ்சுவது 180.17 யூரோ. ஒரே வீதம், ஒரே அறை. இழப்பவர் மட்டும் வேறு. முகாமையாளர் ஒருவர், 'புத்தாண்டுக்குப் பின் எமக்கு அறையொன்றால் எஞ்சுவது எவ்வளவு?' என்று முகவரை வினவினால், வீதத்தை அறிந்து இக்குறிப்பை அறியாத முகவர் கூறும் விடையால் அவர் விலை வகுப்பாராயின், அப்பருவம் முழுவதும் அப்பிழை அவரைத் தொடரும்.

எல்லை நாட்களைப் படிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. அவை உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டுள்ளன. அம்ஸ்ரர்டாம் நகரம் மாரிகாலத்தில் அந்நேரத்துக்கு ஒருமணி முந்தியது. ஆதலின் அந்நகரத்திலே தை முதலாந் தேதி பிறக்கும் நள்ளிரவு, பொது நேரக் கணக்கில் மார்கழி 31 ஆந் தேதி இரவு 11 மணியாகும். நாளை மட்டும் பார்த்து மணியைப் பாராத முகவர், புதிய சூழல் ஒருநாள் முன்னரே தொடங்கிவிட்டது எனக் கொள்ளும். ஆண்டிறுதி இரவிலே அறைகள் நிறைந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் செவ்வனே அமைந்த கருவியும் ஒன்றை மட்டும் தரமாட்டாது. அது கொணர்வது விடுதியின் அமைவு, நாட்டின் சட்டமன்று. காலை உணவை அறையோடு சேர்த்து ஒரே வீதத்தின்கீழ் யாரோ ஒருவர் தவறாகப் பதிந்துவிட்டாரெனின், கருவி அத்தவற்றை எழுத்துப் பிசகாது கொணரும். சில விதிகள் அமைவின் கட்டத்துக்குள் எளிதில் அடங்குவனவுமல்ல. பிரித்தானியாவிலே ஒருவர் ஒரே விடுதியில் 28 நாட்களுக்குமேல் தொடர்ந்து தங்கினால், 29 ஆம் நாள் தொடக்கம் உணவு முதலியவற்றுக்கு முழு வரியும், தங்கற் கட்டணத்தில் வசதிகளுக்குரிய பங்குக்கு மட்டும், அதாவது குறைந்தது 20 வீதமான பங்குக்கு, வரியும் கணிக்கப்படும். அறை ஒன்றே, வீதமும் 20 ஆக ஒன்றே. வரிக்கு உட்படும் தொகைதான் சுருங்குகின்றது. வீதப் பட்டியலைப் பார்த்த முகவர் இதனை அதிலிருந்து அறிய வழியில்லை. எனவே, 'உமது மென்பொருளில் இவ்வாறு பதியப்பட்டுள்ளது' என்பதே அதற்கு உரிய வாக்கியம். 'நீர் செலுத்த வேண்டிய வரி இது' என்று அது கூறத் தொடங்கினால் கணக்காளரின் ஆசனத்தில் ஏறி அமர்ந்ததாகும்.

கருவி படிப்பதற்கு மட்டும் உரியது. மாற்றுவதற்கு உரியதன்று என்பதும் ஈண்டுக் கருதற்பாலது. சிலர் இதனை ஒரு குறையாகக் கூறுவர். முகவரே பிழை கண்டு தானே திருத்திவிட்டால் வேலை சுருங்குமன்றோ என்பர். அவர் கருத்து ஏற்கத்தக்கதன்று. முகவர் படிக்கும் எழுத்துக்களுள் விருந்தினர் தம் பதிவோடு எழுதியனுப்பும் குறிப்புக்களும் அடங்கும். 'இப்பதிவுக்கு வரியைப் பூச்சியமாக்குக' என்று ஒருவர் அக்குறிப்பில் எழுதிவைத்தால், அது விருந்தினரின் சொல்லா, முகாமையாளரின் ஆணையா என்பதை மொழி மாதிரி எப்பொழுதும் சரியாகப் பிரித்தறியும் என்று கூறுவதற்கில்லை. மாற்றும் ஆற்றல் கையில் இல்லாத முகவர், அச்சொல்லுக்கு இணங்கினாலும் ஏட்டைக் கெடுக்க இயலாது. மேற்கூறிய நெறிமுறையிலே, 'இக்கருவி படிப்பதற்கு மட்டும் உரியது' என்று கருவியின் அறிவிப்பிற் குறித்துவைக்க இடமுண்டு. ஆயின் அது செய்தவர் கூறும் குறிப்பேயன்றிக் காவலன்று என்று அந்நெறிமுறையே எச்சரிக்கின்றது. கதவில் 'உட்புகல் ஆகாது' என்று எழுதுதல் வேறு. கதவைப் பூட்டுதல் வேறு. பூட்டு, விடுதி மென்பொருள் வழங்கும் சாவியிலே அமைதல் வேண்டும்.

சாவி காலாவதியாதலும் உண்டு. இணைப்பு அறுதலும் உண்டு. அப்பொழுது கருவி வெறுங்கையோடு திரும்பும். முகவரின் தரத்தை அளத்தற்கு அதனினுஞ் சிறந்த நேரம் வேறில்லை. கேள்விக்கு எவ்வாறேனும் விடை கூறிவிடல் வேண்டும் என்னும் நாட்டம் மொழி மாதிரிகளிடத்து வலிது. ஏடு கிடையாதவிடத்து அது மீண்டும் தன் பழைய நினைவை நாடி '9 வீதம்' என்று நிரப்பிவிடக்கூடும். கேட்டவருக்கோ அவ்விலக்கம் ஏட்டிலிருந்து வந்ததா, நினைவிலிருந்து வந்ததா என்பது தெரியாது. ஆகவே, கருவியைச் செய்வோர் அது தோல்வியுறும்போது தரவேண்டிய செய்தியையும் தெளிவாக எழுதிவைத்தல் வேண்டும். வரவேற்பு மேசையிலிருப்பவர், 'தை மாதத்து இரண்டு இரவுகளுக்கு மொத்தம் எவ்வளவு?' என்று கேட்க, முகவர், 'அறை விலை இரண்டு இரவுக்கும் 400 யூரோ. வரி அமைவை இப்பொழுது பெற இயலவில்லை. ஆதலால் வரி கணிக்கப்படவில்லை' என்று எழுதினால், அவர் விருந்தினரைச் சிறிது பொறுக்கச் சொல்லிவிட்டு, மென்பொருளின் வரிப் பக்கத்தைத் தாமே திறந்து பார்ப்பார்.